சோறு வடித்த திட்டு

உயரமான மலைமுனைக்குப் பெயர் இல்லை. அதைவிடக் குட்டையான முனைக்குப் பெயர் இருந்தது. ஏன் என்று ஹில்டாவுக்குப் புரியவில்லை. புதன்கிழமை காலையில் தொடங்கிய குழப்பம் வெள்ளிக்கிழமை மதியம் வரை தீரவில்லை.

ராயபுரம் கல்மண்டபத்துக்குப் பக்கத்தில் ஸ்டானிஸ்லாஸ் நடத்திவந்த நிலப்பட அச்சகத்தின் மாடியில், ஜன்னலோரம் அவளுடைய மேசை. அதன்மேல் இரண்டு தாள்கள் விரித்துக் கிடந்தன. இரண்டும் இரண்டு எரிமலைத் தீவுகளின் படங்கள். பள்ளிக்கூடச் சுவர்களில் மாட்டுவதற்கு அச்சாக வேண்டியவை. முதல் தாளைப் பேராசிரியர் ரகுபதி முழுவதுமாக முடித்துக் கொடுத்திருந்தார். பதினொரு மலைகளுக்குப் பெயர் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எல்லைக் கோடு போட்டு, தனித்தனி வண்ணமும் குறித்திருந்தார். அவற்றில் ஐந்தை மட்டும் ஒரு தடித்த கோட்டுக்குள் அடைத்து மலைத்தொடர் என்று எழுதியிருந்தார். இரண்டாம் தாளில் சம உயரக் கோடுகளும் முனைகளின் உயரமும் மட்டும் இருந்தன. ஓரத்தில் அவர் கையெழுத்தில் ஒரே ஒரு வரி: 'முதல் தாளில் உள்ளபடியே இதற்கும் செய்க.'

செய்யலாம்தான். ஆனால் முதல் தாளில் அவர் எப்படிச் செய்தார் என்று எங்கும் எழுதவில்லை. கேட்கவும் வழியில்லை. மனிதர் போன வாரமே வெளிநாட்டுக்குக் கப்பல் ஏறிவிட்டார். கடிதம் போய்ப் பதில் வர இரண்டு மாதமாகும்.

சம உயரக் கோடு என்பது கடினமான விஷயம் இல்லை. ஐம்பது மீட்டர் உயரத்தில் இருக்கும் இடங்களையெல்லாம் ஒரு கோட்டால் இணைத்தால் ஒரு வளையம் கிடைக்கும். நூறு மீட்டருக்கு அதற்குள்ளே இன்னொரு வளையம். இப்படியே போனால், வெங்காயத்தைக் குறுக்கே வெட்டிய மாதிரி, மலை முழுவதும் தாளில் வந்து உட்கார்ந்துவிடும். ஹில்டா அந்தக் கோடுகளைத் தூக்கத்திலும் படிப்பாள். ஒன்பது வருஷமாக அவள் செய்த வேலை எழுத்து வேலை. மற்றவர்கள் வரைந்த ஆறுகளுக்கும் மலைகளுக்கும் மெல்லிய நிப்பால் பெயர் எழுதுவது. ஒரு படத்தை முதலிலிருந்து கடைசிவரை தானே வரைந்து, அது துத்தநாகத் தகட்டில் ஏறி அச்சாகி வருவதைப் பார்க்க வேண்டும் என்பது அவள் ஆசை. முப்பத்தாறு வயதில், இந்த 1969-ல்தான் அது வந்திருக்கிறது. வந்த இடத்தில் இந்த முட்டுக்கட்டை.

முதல் தாளின் நடுவில் ஒரு பெரிய எரிமலை, 2,610 மீட்டர். அதன் தோளில் இன்னொரு முனை, 2,340 மீட்டர். அதற்குப் பெயர் இல்லை, எல்லை இல்லை, வண்ணமும் இல்லை. தெற்கே ஒரு முனை வெறும் 1,610 மீட்டர்தான். அதற்குப் பெயர், எல்லை, தனி வண்ணம் எல்லாம் உண்டு. உயரத்தைப் பார்த்துப் பெயர் வைக்கவில்லை என்பது இதிலேயே தெரிந்தது. தூரத்தைப் பார்த்திருப்பாரோ என்று ஹில்டா கவராயத்தை எடுத்து அளந்தாள். ஒன்றுக்கொன்று மிக நெருக்கமான இரண்டு முனைகளுக்கு இரண்டு பெயர் இருந்தன. அவற்றைவிட எட்டி நின்ற இரண்டுக்குச் சேர்த்து ஒரே பெயர். சரிவின் செங்குத்தைப் பார்த்தாள். அதுவும் ஒத்துவரவில்லை.

"இன்னாக்கா, மலைக்குப் பட்டா போடறியா?" என்றான் வால்டர், எதிர் மேசையிலிருந்து. அச்சகத்தில் வரைவதற்கென்று இருந்தவன் அவன் ஒருவன்தான். "கண்ணுக்கு எது மலையாத் தெரியுதோ அத்தச் சுத்தி ஒரு வட்டம் போடு. வந்து எவன் எண்ணப் போறான்?"

"உன் கண்ணுக்கு ஒண்ணு தெரியும், என் கண்ணுக்கு வேற தெரியும். அப்ப எது மலை?"

"எனக்குத் தெரியறதுதான்" என்று சிரித்தான் வால்டர்.

அந்தச் சமயத்தில் ஸ்டானிஸ்லாஸ் மாடியேறி வந்தார். கோபக்காரர் இல்லை. ஆனால் அச்சு இயந்திரம் ஒரு மணி நேரம் சும்மா நின்றால் தனக்கே மூச்சு நின்ற மாதிரி ஆகிவிடுவார்.

"ஹில்டா, திங்கக்கிழமை பத்து மணிக்கு ரெண்டாம் தாள் தகட்டுக்குப் போகணும். உன்னால ஆகும்னா நீ போடு. ஆகலைன்னா வால்டர் வட்டம் போட்டு முடிக்கட்டும். நீ பழையபடி எழுத்து வேலைக்கே வந்துடும்மா. இதுல வருத்தப்பட ஒண்ணுமில்ல."

வருத்தப்பட ஒன்றுமில்லை என்று அவர் சொன்னதுதான் ஹில்டாவுக்கு வருத்தமாக இருந்தது. இந்த முறை படம் கைவிட்டுப் போனால், அடுத்த முறை என்று ஒன்று வராது.

மதியம் கீழே வாசலில் இறால் விற்கும் குரல் கேட்டு ஹில்டா இறங்கிப் போனாள். கன்னியம்மா. எண்ணூர் முகத்துவாரத்துக் குப்பத்திலிருந்து காலை ரயிலில் கூடையோடு வந்து, ராயபுரம் தெருக்களில் விற்று முடித்து, மிச்சத்தை அச்சக வாசலில் வைத்து உட்காருவாள். அவளுக்கும் ஹில்டாவின் வயதுதான் இருக்கும்.

"இன்னாக்கா, மூஞ்சி ஏன் காஞ்ச கருவாடு கணக்கா கீது?"

"வேலை ஓடலை, கன்னிம்மா."

"ஓடலன்னா நடக்க வுடு. அவசரம் இன்னா?"

"திங்கக்கிழமைக்குள்ள முடிக்கணும்."

"முடிச்சிடுவே. இந்தா, இத்தினியும் எடுத்துக்க, ஞாயித்துக்கெழம எறா கெடைக்காது. அன்னிக்கு அமாவாசை. நாங்கல்லாம் சோறு பாக்கப் போறோம்."

ஹில்டாவுக்குச் சிரிப்பு வந்தது. "சோத்தத் துன்னுவாங்க. பாக்கறதுக்கு இன்னா கீது?"

கன்னியம்மா கூடையை நகர்த்திவிட்டுச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். போன மழைக்கு ஆறு உடைத்துக்கொண்டு வந்ததில், கழிமுகத்தில் மணல் இடம் மாறிவிட்டதாம். பெரிய திட்டு என்கிற மணல்மேட்டுக்குத் தெற்கே புதிதாக ஒரு மேடு. அது பெரிய திட்டின் வால் என்கிறார் குப்பத்துக்காரர் அப்பாவு. இல்லை, அது தனித் திட்டு என்கிறார் கன்னியம்மாவின் புருஷன் நீலமேகம். குப்பத்தில் ஒவ்வொரு திட்டிலும் வலை போட ஒரு குடும்பத்துக்கு முறை உண்டு. பெரிய திட்டின் முறை இந்த வருஷம் அப்பாவுவுக்கு. மேடு வால் என்றால் அதுவும் அவருக்கே. தனித் திட்டு என்றால் அது அடுத்த முறைக்காரரான நீலமேகத்துக்கு.

"அதுக்கும் சோத்துக்கும் இன்னா சம்மந்தம்?"

"தண்ணி ஏறச்சொல்லோ நடுவுல பள்ளம் மொதல்ல முழுவும். அப்ப திட்டு ரெண்டா அறும். அறுந்த நிமிசம் அந்த மேட்டு மேல அடுப்பு மூட்டணும். தண்ணி மேல ஏறி அடுப்ப நனைக்கறதுக்குள்ள சோறு வடிச்சிட்டா அது தனித் திட்டு. நனைஞ்சிபோச்சின்னா வாலு. எங்க குப்பத்துல அப்டித்தான்."

"எது உசரம்னு பாக்க மாட்டீங்களா?"

"ஒசரத்த வச்சிகினு இன்னா பண்றது? பெரிய திட்டு மேலயே ஒரு மொண்டி மேடு கீது. புது மேட்ட வுட அது ஒசரம். அதுக்கு எவன் பேரு வச்சான்?"

ஹில்டா எழுந்து நின்றுவிட்டாள். உயரமானதற்குப் பெயர் இல்லை. குட்டைக்குப் பெயர் உண்டு.

"கன்னிம்மா, ஞாயித்துக்கிழமை நானும் வரேன்."

"வாயேன். கோயிலு?"

"விடிகாலைப் பூசைக்குப் போயிட்டு ரயில் பிடிக்கிறேன்."

"சேறுக்கா. நல்ல பொடவ கட்டிகினு வந்துடாத."

ஞாயிற்றுக்கிழமை ஏழரை மணிக்கு ஹில்டா எண்ணூரில் இறங்கி நடந்தாள். கரையை அடைந்தபோது குப்பத்தில் பாதிப்பேர் அங்கே இருந்தார்கள். தூரத்தில் அனல் மின் நிலையத்தின் புகைபோக்கி எழும்பிக்கொண்டிருந்தது. அதைச் சுற்றிக் கட்டிய சாரத்தில் ஞாயிறு என்பதால் ஆள் இல்லை. கழிமுகத்தில் தண்ணீர் ஏற ஆரம்பித்திருந்தது. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் கடல் மற்ற நாளைவிட அதிகமாக ஏறும். அதனால்தான் இந்த நாளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

கரையிலிருந்து பார்க்க எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. வடக்கே பெரிய திட்டு, ஆமை முதுகு மாதிரி. அதன் தோளில் கன்னியம்மா சொன்ன மொண்டி மேடு, இரண்டு விரல் அளவுக்குப் புடைத்துக்கொண்டு. தெற்கே புது மேடு. அதன் உச்சி மொண்டி மேட்டைவிடக் கிட்டத்தட்ட ஒரு சாண் தாழ்ந்திருந்தது. ஆனால் பெரிய திட்டிலிருந்து புது மேட்டுக்குப் போக வேண்டுமானால், நன்றாகக் கீழே இறங்கி, ஈர மணல் கழுத்து ஒன்றைத் தாண்டி, மறுபடி ஏற வேண்டும். மொண்டி மேட்டுக்குப் போக இறங்கவே வேண்டாம். பெரிய திட்டின் முதுகிலேயே நடந்து போய், கால் இடறினால் அதன் மேல் நிற்கலாம்.

புது மேட்டில் மூன்று கல் வைத்துப் பானை தயாராக இருந்தது. பக்கத்தில் அப்பாவுவின் மனைவி கெங்கம்மா குந்தியிருந்தாள். வால் என்று சொல்லும் வீட்டுப் பெண்தான் அடுப்பு மூட்ட வேண்டும் என்பது குப்பத்து வழக்கம். தனி என்பவன் வீட்டில் சோற்றை அவசரப்படுத்தி வடித்துவிடுவார்களாம்.

கன்னியம்மா விறகைத் தொட்டுப் பார்த்தாள். "ஏமே கெங்கம்மா, வெறகு எங்க கெடந்துச்சி? கெணத்துக்குள்ளயா?"

"பனிம்மே. ராத்திரி பனி."

"பங்குனி மாசத்துல பனியா? உன் வூட்டாண்ட மட்டும் பேஞ்சிதா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அப்பாவு கரையிலிருந்து குரல் கொடுத்தார்: "வெறகப் பத்தி மொறையில ஒண்ணும் இல்ல. ஈரமோ காய்ஞ்சதோ, சோறு வடியணும். அவ்ளோதான்."

"வடியும் நைனா, வடியும்" என்றார் நீலமேகம். "உன் வூட்டுச் சோறுன்னா எனுக்கும் ஒரு வாய் வை."

தண்ணீர் ஏறியது. ஹில்டா முழங்கால் வரை புடவையைச் செருகிக்கொண்டு மணல் கழுத்தின் அருகே நின்று பார்த்தாள். கடல் பக்கமிருந்து ஒரு வாய்க்கால் வழியாகத் தண்ணீர் ஊர்ந்து வந்தது. ஆற்றுப் பக்கமிருந்து இன்னொரு வாய்க்கால் வழியாக வந்தது. இரண்டும் எதிரெதிரே வந்து, மணல் கழுத்தின் மிகத் தாழ்ந்த இடத்தில் தொட்டுக்கொண்டன.

"அறுந்துச்சி!" என்று நாலு பேர் ஒரே சமயத்தில் கத்தினார்கள். நீலமேகம் அந்த இடத்தில் ஒரு மூங்கிலை ஊன்றினார். கெங்கம்மா தீக்குச்சியைக் கிழித்தாள்.

"மூங்கில் எதுக்கு?" என்று ஹில்டா கேட்டாள்.

"நாளைக்குத் தண்ணி வத்துனா மறுபடியும் ரெண்டும் ஒட்டிக்கும்" என்றார் நீலமேகம். "அப்ப எது வரைக்கும் அவுருது, எது வரைக்கும் என்துன்னு தெரியணுமில்ல? இந்த மூங்கில், இந்தாண்ட வாய்க்கால், அந்தாண்ட வாய்க்கால். அத்தான் வரப்பு."

ஹில்டா அந்த மூன்றையும் மாறி மாறிப் பார்த்தாள். முதல் தாளில் பேராசிரியரின் எல்லைக் கோடுகள் ஏன் அப்படி வளைந்து வளைந்து போயின என்பது இப்போது புரிந்தது. அவை இரண்டு மலைகளுக்கு நடுவில் நேராக வெட்டிய கோடுகள் இல்லை. கழுத்தின் மிகத் தாழ்ந்த புள்ளியைக் குறுக்கே தாண்டி, அங்கிருந்து இரண்டு பக்கமும் ஓடைகளோடு சேர்ந்து இறங்கியிருந்தன.

ஈர விறகு புகைந்து புகைந்து எல்லார் கண்ணையும் கலங்க வைத்தது. கெங்கம்மா ஊதவே இல்லை. அதற்கும் கன்னியம்மா ஏதோ சொன்னாள். இருந்தாலும் உலை கொதித்தது. அரிசி போட்டார்கள். தண்ணீர் புது மேட்டைச் சுற்றி நுரை வளையம் கட்டிக்கொண்டு ஏறியது. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் அதே நுரை வளையம் விரல் அளவு உயரத்தில், இன்னும் சிறிதாக. அதே நேரத்தில் பெரிய திட்டைச் சுற்றியும் ஒரு நுரை வளையம். இரண்டும் ஒரே மட்டத்தில்.

ஹில்டாவுக்கு அடுத்தது தெரிந்தது இங்கேதான். சம உயரக் கோடு என்று ஒன்பது வருஷமாக எதைப் பார்த்துக்கொண்டிருந்தாளோ அது இந்த நுரை வளையம். கடல் அந்த உயரத்துக்கு ஏறினால் கரை எங்கே இருக்குமோ, அதுவே கோடு. தாளில் ஒரு கோட்டிலிருந்து அடுத்த கோட்டுக்கு உள்ளே போவது, கடலை ஐம்பது மீட்டர் ஏற்றுவது. ஒரே வளையமாக இருந்தது ஓர் இடத்தில் இரண்டு வளையமாகப் பிரிந்தால், அந்த உயரத்தில் திட்டு அறுந்தது என்று அர்த்தம்.

கெங்கம்மா சோற்றை வடித்தாள். அப்போதும் புது மேட்டின் உச்சி தண்ணீருக்கு மேல் ஒரு சாணுக்கு மேலாகவே இருந்தது. கஞ்சித் தண்ணீர் மணலில் ஓடியது. நீலமேகம் போய் அப்பாவுவின் பக்கத்தில் நின்றார். அப்பாவு தலையைச் சொறிந்தார்.

"சரிப்பா, தனித் திட்டு. வெறகு காஞ்சிருந்தா இன்னும் சீக்கிரம் தோத்திருப்பேன்" என்றார். சுற்றி நின்றவர்கள் மறுபடி சிரித்தார்கள்.

"அப்ப அந்த மொண்டி மேடு?" என்று ஹில்டா கேட்டாள். "அதையும் சோறு வச்சிப் பாருங்களேன்."

"அதுக்கு இன்னாத்துக்கு?" என்றாள் கெங்கம்மா. ஆனால் கூட்டத்துக்கு விளையாட்டு பிடித்திருந்தது. மிச்சமிருந்த அரிசியையும் பானையையும் படகில் ஏற்றிப் பெரிய திட்டுக்குக் கொண்டுபோனார்கள். இந்த முறை கன்னியம்மா காய்ந்த சவுக்கு மிலார்க் குச்சிகளைக் கொண்டுவந்தாள். தண்ணீர் ஏறி ஏறி, கடைசியில் மொண்டி மேட்டையும் பெரிய திட்டின் முதுகையும் ஒட்டியிருந்த இடம் நனைந்தது. அறுந்தது. அடுப்பு குபுகுபுவென்று எரிந்தது. உலை கொதித்து அரிசியைக் களைந்து போட்டுக் கையை உதறுவதற்குள், நுரை அடுப்புக் கல்லைத் தொட்டுவிட்டது. புஸ்ஸென்று புகை. கன்னியம்மா பானையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள், எல்லாரும் கைகொட்டினார்கள்.

"பாத்தியாக்கா?" என்று மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள். "ஒசரத்துல இன்னா கீது? அறுந்த பெறகு எவ்ளோ நேரம் தாக்குப் புடிக்குதுங்கறதுதான் கணக்கு. இது அறுந்ததே லேட்டு, அறுந்ததும் முழுவிடுச்சி. இதுக்கா பேரு வப்பாங்க?"

ஹில்டா வடித்த சோற்றில் ஒரு வாய் சாப்பிட்டாள். புகை நாற்றம் அடித்தது. முதல் தாளைப் பார்க்கும் அவசரத்தில் அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை. ஆனால் அச்சகம் திங்கட்கிழமை காலையில்தான் திறக்கும்.

திங்கட்கிழமை ஏழு மணிக்கு ஸ்டானிஸ்லாஸ் கதவைத் திறக்கும்போதே அவள் வாசலில் நின்றாள். நேராக மாடியேறி, முதல் தாளை எடுத்தாள். எண்ணூரில் கற்றது சரிதானா என்று முதலில் பேராசிரியரின் விடையோடு ஒத்துப் பார்க்க வேண்டும்.

பெயர் இல்லாத 2,340 மீட்டர் முனை. கோடு கோடாக மேலே போனாள். பெரிய எரிமலையும் அதன் தோளும் 2,250 வரை ஒரே வளையத்துக்குள் இருந்தன. அங்கே அறுந்தது. அறுந்த இடத்திலிருந்து முனை வரை உயரம் தொண்ணூறு மீட்டர். உலை கொதிக்கும் நேரம்தான். அடுத்து, பெயர் உள்ள 1,610 மீட்டர் முனை. அது 700 மீட்டரிலேயே அறுந்துவிட்டது. அறுந்த பிறகு தொள்ளாயிரத்துப் பத்து மீட்டர் தண்ணீருக்கு மேல் நிற்கிறது. மூன்று தரம் சோறு வடிக்கலாம்.

இப்படியே முதல் தாளில் இருந்த முப்பத்து மூன்று முனைகளையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதினாள். அறுந்த உயரம், முனையின் உயரம், இரண்டுக்கும் நடுவே உள்ள எழுச்சி. எழுதி முடித்தபோது எட்டரை. பெயர் உள்ள பதினொன்றில் மிகக் குறைந்த எழுச்சி 310 மீட்டர். பெயர் இல்லாதவற்றில் மிக அதிகம் 240. ஒன்றுகூடத் தப்பவில்லை. பேராசிரியர் தன் சோற்றுப் பானையை 240-க்கும் 310-க்கும் நடுவில் எங்கேயோ வைத்திருக்கிறார். முந்நூறு என்று முழு எண்ணாகவே வைத்திருப்பார் என்று ஹில்டா முடிவு செய்தாள்.

தடித்த கோட்டுக்குள் இருந்த ஐந்து மலைகள் பாக்கி. அதற்கும் அதே தண்ணீரை ஏற்றிப் பார்த்தாள். 600 மீட்டர் வரை ஏற்றியும் அந்த ஐந்தும் ஒன்றோடொன்று ஒட்டியே இருந்தன. பக்கத்திலிருந்த ஆறாவது மலை 200-லேயே அறுந்து தனியாகிவிட்டது. ஐந்தும் ஏன் ஒரு தொடர், ஆறாவது ஏன் இல்லை என்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியிருக்கவில்லை. தொடருக்கு அளவாக அறுநூறையே வைத்துக்கொண்டாள்.

அதன் பிறகு இரண்டாம் தாள். தொடங்கும் முன் ஒரு டீ குடித்தாள். ஒன்பதே முக்காலுக்கு வால்டரும் ஸ்டானிஸ்லாஸும் அவள் பின்னால் வந்து நின்றார்கள். தாளில் ஏழு மலைகளுக்குப் பென்சிலில் எல்லை போட்டிருந்தது.

"அக்கா, இன்னா இது?" வால்டர் விரலை வைத்த இடத்தில், கடலோரமாக 480 மீட்டர் உயரத்தில் ஒரு சின்னக் கூம்பு தனி மலையாக நின்றது. "இந்தச் சுண்டைக்காய் மலையாம். இங்க பாருங்க சார், நடுவுல நாலு முனை, எல்லாம் ஆயிரத்து எண்ணூறுக்கு மேல. இந்த நாலுக்கும் சேத்து ஒரே மலையாம். மேல போய்ப் பாத்தா நாலு மலைதான் தெரியும்!"

"அந்த நாலும் ஒரு எரிமலை வாயோட விளிம்பு, வால்டர்" என்றாள் ஹில்டா. "வாய் உடைஞ்ச பானைய நெனச்சிக்க. விளிம்புல நாலு இடம் தூக்கிகினு நிக்கும். அதுக்காக நாலு பானையா? கடல ஏத்திகினே போ. 1,850 வரைக்கும் நாலும் ஒரே வளையம். அதுக்கப்புறந்தான் அறுது. ரொம்ப உயரமான முனை 1,980. அதுதான் பெருசு, அதுகிட்டேருந்துதான் மத்ததெல்லாம் அறுது. மத்த மூணும் அறுந்த பெறகு தொண்ணூறு மீட்டர்கூட நிக்கல."

"அப்ப இந்தச் சுண்டைக்காய்?"

"அம்பது மீட்டர்லயே அறுந்துடுச்சி. அறுந்த பெறகு நானூத்தி முப்பது மீட்டர் நிக்குது. நிதானமா ஒரு சோறு வடிச்சித் துன்னலாம்."

"சோறா?" என்றார் ஸ்டானிஸ்லாஸ்.

ஹில்டா சொன்னாள். முகத்துவாரம், கெங்கம்மாவின் ஈர விறகு, மூங்கில், நுரை வளையம். சொல்லச் சொல்ல வால்டர் வாய் பிளந்து நின்றான். ஸ்டானிஸ்லாஸ் முதல் தாளை இழுத்து, கண்ணை மூடிக்கொண்டு ஒரு முனையில் விரலை வைத்து, பக்கத்தில் பெயர் எழுதும் இடத்தை மறு கையால் மறைத்தார்.

"இது?"

துண்டுக் காகிதத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஹில்டா கோடுகளை எண்ணினாள். "1,420 முனை. 1,250-ல அறுது. நூத்தி எழுவது. மலை இல்ல, தோள். பேர் இருக்காது."

பெயர் இல்லை. அவர் இன்னொன்றைத் தொட்டார். அதுவும் சரி. மூன்றாவதும் சரி. நாலாவதாக வால்டர் தொட்டான். அதற்கு 310 என்றாள் ஹில்டா. மலை, பெயர் இருக்கும். இருந்தது.

"முந்நூறுன்னு நீயா வச்சிக்கிட்ட எண்தானே?" என்றார் ஸ்டானிஸ்லாஸ். "அவர் 280-ன்னு வச்சிருந்தா?"

"இருக்கலாம் சார். ஆனா ரெண்டாம் தாள்ல 240-க்கும் 310-க்கும் நடுவுல எழுச்சி உள்ள முனை ஒண்ணுகூட இல்ல. அவர் எங்க வச்சிருந்தாலும் இதே ஏழு மலைதான் வரும்."

ஸ்டானிஸ்லாஸ் கடிகாரத்தைப் பார்த்தார். பத்துக்கு இரண்டு நிமிஷம். கீழே துத்தநாகத் தகடு மணல் தேய்த்துத் தயாராகக் கிடந்தது.

"தகடு கொஞ்சம் காத்திருக்கட்டும். மை போடு" என்றார். "நீயே போடு. வால்டர், அவளுக்கு அந்தப் பெரிய ஸ்டூலைக் கொடு. இந்தப் படத்துக்கு எழுத்து நீ எழுது."

"நானா? எழுத்தா?" என்றான் வால்டர். "சரியான பேஜாரா போச்சே." சொல்லிக்கொண்டே ஸ்டூலை இழுத்து வந்து போட்டான்.

ஹில்டா நிப்பை மையில் தோய்த்தாள். எல்லைகளைப் போடும் முன்னால், அடுத்து வருபவர் தன்னைப் போல வழி தெரியாமல் திண்டாடக் கூடாது என்று, பேராசிரியர் எழுதாமல் விட்டதைத் தாளின் ஓரத்தில், ஒன்பது வருஷம் பழகிய கையெழுத்தில் எழுதினாள்:

'கடல் ஏறுவதாக வைத்துக்கொள்க. ஒரு முனை, தன்னைவிட உயர்ந்த முனையிலிருந்து எந்த இடத்தில், எந்த உயரத்தில் அறுபடுகிறதோ அதைக் குறிக்க. அந்த இடமே கழுத்து. கழுத்திலிருந்து முனை முந்நூறு மீட்டரோ அதற்கு மேலோ எழுந்தால் அது தனி மலை. குறைந்தால் பக்கத்து மலையின் தோள். தீவிலேயே மிக உயர்ந்த முனையைக் கடலிலிருந்து அளக்க. மலையின் எல்லைக் கோடு கழுத்தின் மிகத் தாழ்ந்த புள்ளியைக் கடந்து, இரு பக்கமும் ஓடை வழியே கடல் வரை இறங்கும். அறுநூறு மீட்டர் வரை கடல் ஏறியும் ஒன்றோடொன்று அறுபடாத மலைகள் ஒரே மலைத்தொடர்.'